பளிங்கு எலும்பு நோய்: மதுரை வட்டாரத்தில் யார் முதலில் கண்டறிய வேண்டும்?

எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்லை மருத்துவ உலகம் பெரும்பாலும் எதிரியாகவே பார்க்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்மானமாகட்டும், எலும்புக்குப் பரவிய புற்றுநோயாகட்டும், அதை அடக்கத்தான் மருந்து தருகிறோம். ஆனால் அந்தச் செல் பிறவியிலேயே செயலற்றுப் போன குழந்தையின் நிலை வேறு. அக்குழந்தையை எலும்பு மருத்துவரைவிட முன்பே கண் மருத்துவரும் குழந்தைகள் நல மருத்துவரும் அடையாளம் காண முடியும், காணவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பல உட்கருக்கள் கொண்ட இந்தப் பெரிய செல், எலும்பின்மேல் விளிம்பு கசியாமல் ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரக்கிறது. அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும். கேதெப்சின் கே என்ற நொதி எஞ்சிய கொலாஜனைச் சிதைக்கும். அமிலத்தை வெளியே தள்ளும் பம்பின் ஒரு பகுதியை உருவாக்கும் டிசிஐஆர்ஜி1 மரபணு பழுதானால் செல் இருக்கும், வேலை நடக்காது. பழைய எலும்பு கரையாமல் தங்க, புதியது அதன்மேல் சேர்ந்துகொண்டே போகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முழுவதும் சுண்ணக்கட்டி போல வெளுத்திருக்கும். நடுவே மஜ்ஜைக்கான குழியே தெரியாது. ஜெர்மானியக் கதிரியக்க மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் 1904இல் விவரித்த பளிங்கு எலும்பு நோயின் மிகக் கடுமையான வடிவம் இது.

அடர்ந்திருந்தும் இந்த எலும்பு எளிதில் முறியும். ஆனாலும் தாய் முதலில் கவனிப்பது எலும்பை அல்ல. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கலையே, கண்ணு நிலைகொள்ளாம ஆடுதே" என்றுதான் வருவார். மண்டையோட்டில் பார்வை நரம்பு செல்லும் துளை குறுகி நரம்பை நெரிப்பதே காரணம். மஜ்ஜைக்கு இடமில்லாததால் இரத்தச்சோகை வரும். இரத்தம் உண்டாக்கும் வேலையைக் கல்லீரலும் மண்ணீரலும் ஏற்பதால் வயிறு உப்பும். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் மதுரையில், பார்வைக் குறையென்றால் மக்கள் கண் மருத்துவரிடம் போகத் தயங்குவதில்லை. நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு அது.

இந்நோய் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கே வருவதாக உலகக் கணக்கு. இத்தனை அரிய நோய்க்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இக்கடுமையான நோய் வரும். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் வழக்கமுள்ள நம் பகுதிக்கு உலகச் சராசரி பொருந்தாது. தமிழ்நாட்டில் உறவுமுறைத் திருமணம் 28 சதவீதம் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மேலும், சந்தேகத்தைத் தீர்க்க முதலில் தேவைப்படுவது ஓர் எக்ஸ்ரே மட்டுமே. அதற்குப் பெருநகரம் போக வேண்டியதில்லை.

அவசரத்துக்கு வலுவான காரணம் உண்டு. ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பில் வாழ்ந்தாலும் இரத்த வம்சத்தைச் சேர்ந்தது. நோயுற்ற எலிகளுக்கு நல்ல எலியின் மஜ்ஜையைச் செலுத்தினால் எலும்பு கரையத் தொடங்குவதை ஆய்வாளர் வாக்கர் 1975இல் காட்டினார். 1980இல் காக்சியா என்ற மருத்துவரின் குழுவினர், சகோதரனின் மஜ்ஜை பெற்ற ஒரு பெண் குழந்தையின் ஆஸ்டியோகிளாஸ்டுகளில் ஆணின் ஒய் குரோமோசோமைக் கண்டனர். எலும்பு நோய்க்கு இரத்த வழியில் தீர்வு கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. முதல் சில மாதங்களிலேயே குழந்தை அங்கு போய்ச் சேர வேண்டும் என்பது அதனால்தான்.

எல்லாக் குழந்தைக்கும் மஜ்ஜை மாற்று உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ராங்க்எல் என்ற சமிக்ஞைப் புரதமே இல்லாத குழந்தைக்குப் புதிய செல்களைக் கொடுத்தும் பயனில்லை. அவற்றை முதிரச் செய்யும் ஆணை அக்குழந்தையின் எலும்பிலிருந்து வருவதில்லை. ஓஎஸ்டிஎம்1 மரபணு பழுதானவர்களுக்கு மூளைச் சிதைவு தொடரும். ஆகவே எக்ஸ்ரேயைத் தொடர்ந்து மரபணுப் பரிசோதனையும் கட்டாயம்.

எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசி தடுப்பதும் இதே ராங்க்எல்லைத்தான். பேரனிடம் இல்லாததைப் பாட்டியிடம் நாமே நிறுத்திவைக்கிறோம். ஊசியைத் திடீரென விட்டால் அடங்கியிருந்த கரைப்பு வேகமெடுத்து முதுகெலும்பு முறியக்கூடும். அடுத்த ஊசிக்கான தேதியையும், மாற்று மருந்தின்றி நிறுத்தக்கூடாது என்பதையும் சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும்.

மீண்டும் பளிங்கு எலும்பு நோய்க்கு வருவோம். குழந்தையின் மரபணுப் பழுது தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் பதினோராவது வாரம் முதலே நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்கலாம். ஒவ்வொரு முறையும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. பழுது இருவர் வழியாகவும் வந்தது. தாயை மட்டும் குறைசொல்ல இடமில்லை என்பதை மாமியாரும் மாமனாரும் இருக்கும்போதே மருத்துவர் சொல்ல வேண்டும்.