பீஸ் கோர் தன்னார்வலர்

பீஸ் கோர் என்பது அமெரிக்க அரசு 1961இல் தொடங்கிய அயலகத் தன்னார்வப் பணி அமைப்பு. கேட்கும் நாடுகளுக்கு ஆசிரியர், செவிலியர், வேளாண் பணியாளர் முதலியோரை இது 27 மாத காலத்துக்கு அனுப்புகிறது. செல்பவர் பணியூரிலேயே குடியிருந்து, ஊர்மொழி பேசி, ஊராரின் செலவு அளவுக்குள் வாழ வேண்டும். பணமும் நிபுணரும் அனுப்பும் பிற உதவித் திட்டங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த விதியே.

தோற்றம்

போரில் செலவாகும் இளைஞர் ஆற்றலை ஆக்கப்பணிக்குத் திருப்ப வேண்டும் என்று அமெரிக்க மெய்யியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1910இல் வெளிவந்த கட்டுரையில் வலியுறுத்தினார். முதல் உலகப் போரில் சிதைந்த வெர்தூன் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சீரமைக்க, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரெசோல் 1920இல் பல நாட்டவரைத் திரட்டினார். 1934 ஜனவரியில் பீகார் நிலநடுக்கம் நேர்ந்தபின் அவர் இந்தியா வந்து, முசாபர்பூர் வட்டாரத்தில் வீடிழந்தோருக்குக் குடியிருப்புகள் எழுப்பும் வேலையில் தோழர்களோடு ஈடுபட்டார். பிரிட்டனில் 1958இல் அலெக் டிக்சன், மோரா டிக்சன் தம்பதியர் வி.எஸ்.ஓ. அமைப்பைத் தொடங்கி, பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பினர்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹென்றி ராய்ஸ், ஹியூபர்ட் ஹம்ப்ரி ஆகியோர் 1960இலேயே இத்தகைய அமைப்புக்கான முன்மொழிவுகளைக் கொண்டுவந்தனர். எனினும் எண்ணத்தை இயக்கமாக்கிய பெருமை ஜான் எஃப். கென்னடிக்கே உரியது. குடியரசுத் தலைவர் தேர்தல் பரப்புரையின்போது, 1960 அக்டோபர் 14 அதிகாலை 2 மணியளவில் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தார். தூங்காமல் காத்திருந்த சுமார் 10,000 மாணவர்களிடம், மருத்துவராகப் போகிறவர்களில் எத்தனை பேர் கானாவில் பணியாற்றத் தயார் என்று வினவினார். சில நிமிடங்களே நீடித்த அப்பேச்சில் திட்ட விவரம் எதுவும் இல்லை. மாணவர்கள் தாமாகவே கையெழுத்து இயக்கம் நடத்தி, செல்லத் தயார் என்று தெரிவித்தனர். நவம்பர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோ உரையில் கென்னடி திட்டத்தைப் பெயர் சொல்லியே அறிவித்தார்.

குடியரசுத் தலைவரானபின் 1961 மார்ச் 1 அன்று நிர்வாக ஆணையின் மூலம் அமைப்பை நிறுவினார். அவருடைய தங்கை யூனிஸின் கணவர் சார்ஜென்ட் ஷ்ரைவர் முதல் இயக்குநரானார். ஷ்ரைவர் உடனே ஆப்பிரிக்க, ஆசியத் தலைவர்களை நேரில் சந்தித்து ஆதரவு திரட்டினார். கானாவின் க்வாமே நக்ருமா ஆசிரியர்களைக் கேட்டார். நேரு பஞ்சாபுக்குச் சிலரை மட்டும் ஏற்க இசைந்தார். முதல் குழுவினர் சுமார் 50 பேர், 1961 ஆகஸ்ட் 30 அன்று கானா தலைநகர் அக்ராவில் இறங்கினர். விமான நிலையத்திலேயே வரிசையாக நின்று, கற்றுக்கொண்டு வந்திருந்த ட்வி மொழிப் பாட்டைப் பாடினர். அமைப்புக்கான சட்டம் அதன்பின், செப்டம்பர் 22 அன்றுதான் நிறைவேறியது. இந்தியாவுக்கான முதல் குழு அவ்வாண்டு டிசம்பரிலும், இலங்கைக்கான முதல் குழு 1962இலும் சென்றன.

பணி வகைகள்

கல்வி, உடல்நலம், வேளாண்மை, சுற்றுச்சூழல், இளைஞர் மேம்பாடு, சமூகப் பொருளாதார மேம்பாடு என ஆறு துறைகள் உள்ளன. கல்வியே பெரும்பங்கு.

பயிற்சியும் அன்றாட வாழ்வும்

தொடக்க ஆண்டுகளில் பயிற்சி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்தது. பின்னர் பணிநாட்டுக்கே மாறியது. சுமார் மூன்று மாதப் பயிற்சியில் தன்னார்வலர் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பமொன்றில் தங்குவார். காலையில் மொழி வகுப்பு. மாலையில் அவ்வீட்டுக் குழந்தைகளே வாத்தியார். சம்பளம் கிடையாது. உள்ளூர்ப் பணத்தில் வாழ்க்கைப்படியும், பணி முடிந்து ஊர் திரும்பும்போது ஒரு தொகையும் உண்டு. விடுப்பு மாதத்துக்கு இரண்டு நாள். 1960களில், மின்சாரம் இல்லாத ஊர்களின் நீண்ட மாலைப் பொழுதுக்கென்று ஒரு பெட்டி நிறைய புத்தகங்கள் கொடுத்தனுப்பினர்.

உடல் உழைப்பைவிடக் கடினமானது, தனக்கு என்ன வேலை என்று தெரியாமல் இருப்பது. 1961இல் பிலிப்பீன்சுக்கு ஆசிரியர்களின் உதவியாளராகச் சென்றவர்களுக்கு இதுவே பெருஞ்சோதனையானது. வகுப்பு முழுப்பொறுப்பாக அவர்களுடையதும் அல்ல; சும்மா இருக்கவும் முடியவில்லை. காரியத்தை முடிப்பதைவிட மனம் கோணாமல் பழகுவதை ஊரார் பெரிதாக மதிக்கிறார்கள் என்று பலருக்கு மெல்ல மெல்லவே புரிந்தது.

1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாடான் நகரில் ஒரு பெண் தன்னார்வலர் எழுதிய அஞ்சலட்டை, சேருமுன் மாணவர்கள் கையில் சிக்கியது. தெருவிலேயே சமைப்பதையும் வசதிக் குறைவையும் அதில் அவர் விவரித்திருந்தார். மாணவர்கள் கொதித்தெழுந்தனர், அவர் நாடு திரும்ப நேர்ந்தது. நண்பருக்குக் கள்ளமின்றி எழுதிய அஞ்சலட்டைக்கு அது மிகையான தண்டனை. ஆனால் ஊரின் கண் எப்போதும் தம்மேல் இருக்கும் என்ற பாடத்தை அடுத்தடுத்து வந்தோர் மறக்கவில்லை.

பிற்காலக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர் தம் 68ஆம் வயதில் இந்தியா வந்தார். செவிலியரான அவர் 1966 முதல் 1968 வரை மும்பைக்கு அருகே விக்ரோலியில் பணிபுரிந்தார். வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1977இல் நூலாயின.

மதிப்பீடு

பனிப்போர்க் காலத்தில் தன்னார்வலர்கள் உளவாளிகள் என்ற ஐயம் பல நாடுகளில் எழுந்தது. பொலிவியா 1971இல் அமைப்பை வெளியேற்றியது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர் இதில் சேரவே முடியாது என்ற விதி இருக்க, அந்த ஐயம் பொருந்தாது. பயிற்சி பெற்ற ஆட்களைத் தருவது, அமெரிக்கரைப் பிறர் அறியச் செய்வது, பிறரை அமெரிக்கர் அறியச் செய்வது என்பவை சட்டம் வகுத்த மூன்று நோக்கங்கள். இவற்றுள் நன்கு நிறைவேறியது மூன்றாவதே. இரண்டாண்டில் ஓர் ஊரை மாற்ற ஒருவரால் ஆகாது. வந்தவரை ஊர் மாற்றிவிடும். மலாவியில் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் பால் தெரூ, சுவாசிலாந்தில் கணக்குக் கற்பித்த நெட்ஃபிளிக்ஸ் இணை நிறுவனர் ரீட் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் இவ்வழி வந்தவர்கள்.

இன்றைய நிலை

1966இல் 15,000க்கு மேல் இருந்த தன்னார்வலர் எண்ணிக்கை பின்னர் குறைந்தது. இந்தியாவில் பணி 1976இல் முடிந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் சுமார் 7,000 பேரும் திரும்ப அழைக்கப்பட்டனர். 2022இல் பணி மீண்டும் தொடங்கியது. இதுவரை 2,40,000க்கு மேற்பட்டோர் சென்றுவந்துள்ளனர்.