பிராணவாயுவும் பச்சிளங் கண்களும்

பெங்களூரில் குடியேறி வாழும் நம்மவருள் மின்டோ ஆஸ்பத்திரியை அறியாதார் மிகச் சிலரே. கிருஷ்ணராஜ மார்க்கெட்டுக்கு அணித்தே நிற்கும் அக்கட்டடம் 1913-ல் திறக்கப்பெற்றது. மைசூர் சமஸ்தானத்தில் 1896-ல் தோன்றிய சிறு கண் மருத்துவ நிலையமே அதற்கு வித்து. அந்நாளில் வைத்தியர்கள் எதிர்த்துப் போரிட்ட பெரும்பகை கண்புரை. புரையைக் கத்தியால் அகற்றிவிடலாம். விழியின் உட்சுவரில் மெல்லிய ஏடுபோல் படிந்துள்ள விழித்திரை பழுதுற்றாலோ, வைத்தியர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அந்நிலை மாறிய வரலாற்றில், குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஒரு பகுதியை இங்கே சொல்ல விழைகிறோம்.

1942-ல் பாஸ்டன் நகரில் தியோடர் டெரி என்னும் கண் வைத்தியர், குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளின் விழியில் வெண்ணிறத் திரை ஒன்று படர்ந்திருப்பதைக் கண்டு எழுதினார். பத்தாண்டிற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இந்நோயால் பார்வை இழந்தனர் என்று பின்னாளில் மதிப்பிட்டனர். விந்தை என்னவெனில், செல்வம் மிக்க நாடுகளில், வசதி நிறைந்த ஆஸ்பத்திரிகளிலேதான் இது மிகுந்திருந்தது. 1951-ல் மெல்போர்னில் கேட் காம்பெல் என்ற அம்மையார் இதைக் கவனித்து, குழந்தையைக் காக்கவென்று பெட்டிக்குள் தாராளமாகச் செலுத்திய பிராணவாயுவின் மேல் ஐயுற்றார்.

காரணம் இதுதான். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் நான்காம் மாதத்தில் பார்வை நரம்பின் முகப்பிலிருந்து தளிர்த்து, பிரசவ காலத்தை ஒட்டித்தான் விளிம்பைச் சென்றடைகின்றன. கருப்பையில் பிராணவாயு குறைவு. அக்குறைவே அவற்றை வளரத் தூண்டுகிறது. அளவுக்கு மிஞ்சிப் பிராணவாயு கிடைத்தால் வளர்ச்சி நின்றுவிடும். சில வாரங்கள் கழித்து, பசித்த விழித்திரை தாறுமாறான புதுக் குழாய்களைக் கிளப்பும். அவை கசிந்து, தழும்பாகி, திரையையே பிய்த்து இழுத்துவிடும்.

வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் என்பவர் இதைச் சோதிக்க முற்பட்டு, ஒரு சாரார்க்குப் பிராணவாயுவைக் குறைத்தார். இரவு நேரத்தில் தாதியர் சிலர் இரகசியமாகக் குழாயைத் திறந்துவிட்டனராம். குழந்தை மூச்சின்றி மடியும் என்ற அச்சம்! அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பின்னர் 1953-ல் 18 அமெரிக்க ஆஸ்பத்திரிகள் ஒன்றுகூடி நடத்திய பரிசோதனை ஐயத்தைத் தீர்த்தது. வாயுவைக் கட்டுப்படுத்தியவுடன் குருட்டுத்தன்மை சரிந்தது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. பயந்துபோன வைத்தியர்கள் வாயுவை அளவு கடந்து குறைத்தனர். கென்னத் கிராஸ் 1973-ல் கணக்கிட்டுச் சொன்னது திடுக்கிட வைப்பது: காப்பாற்றப்பட்ட பார்வை ஒன்றுக்குச் சுமார் 16 உயிர்கள் பலியாகியிருக்கலாம். பார்வைக்கும் உயிருக்கும் இடையேயுள்ள சரியான அளவு எது என்னும் ஆராய்ச்சி 2010-க்குப் பின்னரும் தொடர்ந்தது.

நம் நாட்டில் பச்சிளங் குழந்தைகளுக்குரிய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகவே, இந்நோயும் பின்தொடர்ந்து வந்தது. இங்கே ஒரு வேறுபாடு உண்டு. மேல்நாட்டார் 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளையே பெரும்பாலும் சோதிப்பர். சண்டிகரில் பத்தாண்டுக் காலம் சேர்த்த விவரங்களை 2007-ல் வெளியிட்டவர்கள், அதனினும் எடை மிகுந்த இந்தியக் குழந்தைகளும் இந்நோய்க்கு ஆளாவதைக் காட்டினர். ஆகவே இங்கு 2,000 கிராமுக்குக் குறைந்தோ 34 வாரத்திற்கு முன்போ பிறந்த எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கும்படி விதித்துள்ளனர்.

ஆனால் சோதிக்க வல்ல விழித்திரை நிபுணர்களோ நகரங்களில், குழந்தைகளோ மாவட்டங்களில். இச்சிக்கலுக்கு விடை கண்டது பெங்களூர். புஜங்க ஷெட்டி 1982-ல் நிறுவிய நாராயண நேத்ராலயத்தில், ஆனந்த் வினேகர் தலைமையில் 2008-ல் ‘கிட்ராப்’ என்னும் திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற உதவியாளர்கள் காமிராவோடு கர்நாடகத்தின் சிற்றூர் ஆஸ்பத்திரிகளுக்குச் செல்வர். விழித்திரையைப் படமெடுத்து, சிகிச்சை வேண்டுமா, மீண்டும் பார்க்க வேண்டுமா, விடுவிக்கலாமா என்று நிறம் குறித்து வகைப்படுத்துவர். படங்களைப் பெங்களூரில் உள்ள நிபுணர் தம் கைப்பேசியிலேயே பார்த்து உறுதி செய்வார். வைத்தியரல்லாதார் விழித்திரையைத் தரம் பிரிப்பதா என்ற ஆட்சேபம் எழக்கூடியதே. அவர்கள் தீர்ப்பை நிபுணர் தீர்ப்போடு ஒப்பிட்டு ஆராய்ந்தே அதற்கு விடையளித்தனர்.

நோய் முற்றிய பின் லேசர் ஒளியால் பயன் சிறிது. தக்க தருணத்தில் செலுத்தினால் பெரும்பாலும் பார்வை தப்பும். அத்தருணமோ சில நாட்களே. வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சேலத்திற்கோ வேலூருக்கோ தாய்வீடு சென்றுவிடுவதுண்டு. கண் சோதனைக்குக் குறித்த தேதி பெங்களூரிலேயே தங்கிவிடும். முதற் சோதனை பிறந்த 30 நாட்களுக்குள் நடைபெற வேண்டும். 28 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைக்கு இன்னும் விரைவாக, இரண்டு மூன்று வாரங்களிலேயே.