முதல் தீர்ப்பின் எடை: கால்பந்தில் காணொளி மறுஆய்வு பற்றி

1. பொருளும் எல்லையும்

கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியமான இஃபாப், 2018 மார்ச் 3 அன்று சூரிச் நகரில் கூடிக் காணொளி மறுஆய்வை ஆட்ட விதிகளில் சேர்த்தது. அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் அம்முறை பயன்பாட்டுக்கு வந்தது. தவறான தீர்ப்புகள் குறையும், அவை குறைந்தால் சச்சரவும் குறையும் என்று அதை ஆதரித்தவர்கள் கருதினர். அப்பட்டமான தவறுகள் பல திருத்தப்பட்டன. சச்சரவு மட்டும் குறையவில்லை. ஏன் குறையவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

கேமராக்கள் போதவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு விடை; நடுவர்களுக்குத் திறமை போதவில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவ்விரண்டுக்கும் முந்திய காரணம் ஒன்று இருப்பதாக நாம் கருதுகிறோம். களத்தில் நடந்தது என்ன என்பதைக் கண்டறிவதற்காக அமைந்த முறை என்றே பார்வையாளர் இதைப் புரிந்துகொள்கிறார். நெறிமுறையோ, களத்தில் சொல்லப்பட்ட தீர்ப்பு தவறா என்று மட்டுமே கேட்கிறது. இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே அமையும்வரை யாருக்கும் குறையில்லை. விடைகள் பிரியும் இடத்தில் சச்சரவு பிறக்கிறது.

2. கலைச்சொற்கள்

மறுபதிவு எதையும் பார்க்காமல் களத்தில் உள்ள நடுவர் எடுக்கும் முடிவை முதல் தீர்ப்பு என்போம். மைதானத்தில் இல்லாமல், திரைகளின் முன் அமர்ந்து அந்தத் தீர்ப்பைச் சரிபார்ப்பவர் காணொளித் துணை நடுவர்; தீர்ப்பை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை, பரிந்துரைக்க மட்டுமே அவரால் இயலும்.

தீர்ப்புகள் இரு வகைப்படும். பந்து கோட்டைக் கடந்ததா, ஃபவுல் பெட்டிக்குள் நடந்ததா போன்றவை நிகழ்வுத் தீர்ப்புகள்; இவற்றுக்கு அளவீட்டால் விடை காணலாம். தள்ளியது ஃபவுல் ஆகும் அளவுக்கு இருந்ததா, கையில் பட்டது தண்டனைக்குரியதா போன்றவை மதிப்பீட்டுத் தீர்ப்புகள். முதல் வகையில் திரை அறையின் சொல்லே பெரும்பாலும் போதும். இரண்டாம் வகையில் நடுவர் தாமே எல்லைக்கோட்டருகே உள்ள திரைக்குச் சென்று பார்ப்பது வழக்கம்; இதைக் கள மறுபார்வை என்று குறிப்போம்.

எல்லாத் தீர்ப்பும் மறுஆய்வுக்கு வருவதில்லை. 2018-இல் எழுதப்பட்ட நெறிமுறை நான்கு வகைகளை மட்டுமே அனுமதித்தது: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள்மாறாட்டமாக அட்டை காட்டுதல். இவற்றிலும் தவறு 'தெளிவாகவும் வெளிப்படையாகவும்' இருக்க வேண்டும், அல்லது பெரும் நிகழ்வொன்று நடுவரின் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும். முதல் தீர்ப்புக்கு எடை தருவது இந்த நிபந்தனையே.

3. கோல் கோடு: கேள்வி நேரடியாக இருக்கும்போது

1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. சுவிஸ் நடுவர் காட்ஃப்ரீட் டீன்ஸ்ட், கோட்டு நடுவர் தோஃபிக் பஹ்ராமோவிடம் கேட்டு கோல் கொடுத்தார். ஜெர்மனியில் அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. 2010-இல் புளோம்ஃபான்டெய்னில் ஜெர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தெளிவாகக் கடந்தும் கோல் தரப்படவில்லை. தந்திருந்தால் ஆட்டம் 2-2 ஆகியிருக்கும். 2012 ஜூலையில் இஃபாப் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்தை ஏற்றது.

இத்தொழில்நுட்பம் முதல் தீர்ப்பைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. பந்து முழுவதும் கடந்தால் நடுவரின் கைக்கடிகாரம் ஒரு நொடிக்குள் அதிரும். நடந்தது என்ன என்று மட்டும் கேட்பதால் இதைச் சுற்றி எழும் வாதம் மிகக் குறைவு.

விதிவிலக்காக நினைவில் நிற்பது 2020 ஜூன் 17 ஆட்டம். ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் ஓர்யான் நீலன், ஷெஃபீல்டு யுனைட்டெட் அடித்த ஃப்ரீ கிக்கைப் பிடித்தபடியே கோட்டுக்குள் சென்றார். ஏழு கேமராக்களின் பார்வையும் மறைக்கப்பட்டதால் கடிகாரம் அதிரவில்லை. தொழில்நுட்பத்தை வழங்கிய ஹாக்-ஐ நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. நம் ஆய்வுக்கு முக்கியமானது அடுத்த செய்திதான். அன்று காணொளித் துணை நடுவர் ஒருவரும் பணியில் இருந்தார். பார்த்துச் சொல்ல நெறிமுறையில் இடமும் இருந்தது. ஆயினும் கடிகாரத்தின் மௌனம் ஒரு தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது; தலையீடு நிகழவில்லை. ஆட்டம் 0-0. பருவ முடிவில் வில்லா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தரமிறக்கத்திலிருந்து தப்பியது.

4. ஆஃப்சைடு: அளவீட்டின் வரம்பு

ஆஃப்சைடை நெறிமுறை நிகழ்வாகக் கொள்கிறது. எனவே 'தெளிவான தவறு' என்ற நிபந்தனை இங்கே பொருந்தாது, அக்குள் அளவு முந்தியிருந்தாலும் ஆஃப்சைடே. 2019 நவம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ராபர்ட்டோ ஃபிர்மினோ அடித்த கோல் அவ்வாறே ரத்தாயிற்று.

இங்கே ஒரு கணக்குப் பார்ப்பது நல்லது. நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.02 நொடி. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் ஆட்டக்காரர் அதற்குள் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுப் பிரிந்த கணம் எந்தப் படத்தில் இருக்கிறது என்பதே உறுதியில்லாதபோது, மில்லிமீட்டர் நுட்பத்தில் கோடு வரைவது தன் கருவியின் திறனை மீறிய செயல். 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள் உணரி வைத்து, நொடிக்கு 500 முறை தகவல் பெற்றார்கள். கூரைக்கடியில் 12 கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளைத் தொடர்ந்தன. பந்து உதைக்கப்பட்ட கணம் பற்றிய ஐயம் இதனால் வெகுவாகச் சுருங்கியது. கத்தாருக்கு எதிரான தொடக்க ஆட்டத்தின் மூன்றாம் நிமிடத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா அடித்த கோலை இம்முறை ரத்துசெய்தது.

5. மதிப்பீடு: ஒரே நிகழ்வு, இரு சரியான விடைகள்

மதிப்பீட்டுத் தீர்ப்பில் முதல் தீர்ப்பின் எடை முழுமையாக வெளிப்படுகிறது. பெட்டிக்குள் லேசான இடிப்பு ஒன்று நிகழ்கிறது என்று கொள்வோம். நடுவர் பெனால்டி கொடுத்தால், அது தெளிவான தவறு அன்று என்று திரை அறை விட்டுவிடும். கொடுக்காவிட்டால், அதுவும் தெளிவான தவறு அன்று என்று விட்டுவிடும். ஆக, அதே இடிப்பு ஓர் ஆட்டத்தில் பெனால்டி, மறு ஆட்டத்தில் இல்லை. இரண்டும் நெறிமுறைப்படி சரி. ரசிகர் இதைப் பாரபட்சம் என்கிறார். உண்மையில் முறை தான் வகுத்தபடியே இயங்கியிருக்கிறது. அவருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பது வேறு செய்தி.

2018 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் முதல் பாதி இதற்கு நல்ல பாடம். பிரான்சின் முதல் கோல் ஒரு ஃப்ரீ கிக்கிலிருந்து வந்தது. அந்த ஃப்ரீ கிக்கைப் பெற்றுத்தந்தது கிரீஸ்மான் விழுந்த விதம். அது ஃபவுலே இல்லை என்று பலரும் கருதினர். ஃப்ரீ கிக் நான்கு வகைகளுள் அடங்காது. ஆகவே யாரும் அதைத் தொடவில்லை. குரோஷியா சமன்செய்து 1-1 ஆனபின் பிரான்சுக்கு ஒரு கார்னர். முன்னே குதித்த மட்யூடியைத் தாண்டி வந்த பந்து பெரிசிச்சின் கையில் பட்டது. அர்ஜென்டினா நடுவர் நெஸ்டர் பிட்டானா முதலில் ஒன்றும் கொடுக்கவில்லை. பின்னர் திரைக்குச் சென்றார், பார்த்தார், களத்துக்குத் திரும்ப அடியெடுத்தவர் மீண்டும் திரைக்கே போய் இன்னொரு முறை பார்த்தார், அதன்பின் பெனால்டி கொடுத்தார்.

இரண்டாம் முறை பார்க்கத் தோன்றியது நடுவரின் நேர்மையைக் காட்டுகிறது. குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் இரண்டு முறை பார்த்துத் தெளிய வேண்டியிருந்த ஒன்று 'வெளிப்படையான' தவறா என்ற கேள்வி எஞ்சுகிறது. மேலும், நெறிமுறையின்படி மெதுவோட்டம் தொடுபுள்ளி, இடம் போன்றவற்றை அறியவே உரியது. வேகத்தையும் கைப்பிழையையும் இயல்பு வேகத்தில் எடைபோட வேண்டும். இந்த எச்சரிக்கை காரணமின்றி எழுதப்பட்டதன்று. கை பந்தை நோக்கிப் போக நேரம் இருந்ததுபோல மெதுவோட்டம் காட்டும்; களத்தில் அந்த நேரம் இருந்ததே இல்லை.

முதல் தீர்ப்பும் இப்போது பழைய முதல் தீர்ப்பாக இல்லை. ஆஃப்சைடு ஐயம் இருந்தாலும் அந்தத் தாக்குதல் முடியும்வரை கொடியை உயர்த்தாமல் காத்திருக்கத் துணை நடுவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பின்னால் சரிபார்ப்பவர் இருக்கிறார் என்று அறிந்த நடுவர் எடுக்கும் முடிவுக்கு, யாரும் இல்லாதபோது எடுத்த முடிவுக்குரிய எடையையே தருகிறோம். இந்த முரணைப் பற்றி வாரியம் வெளிப்படையாகப் பேசியிருக்கலாம்.

6. சொல் வழிப் பிழை

இவ்விரு வகைகளிலும் அடங்காத மூன்றாவது பிழை ஒன்றை மறுஆய்வே உண்டாக்கியது. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டம் 0-0 என இருந்தபோது லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். துணை நடுவர் கொடி உயர்த்தினார்; முதல் தீர்ப்பு ஆஃப்சைடு. திரை அறையில் காணொளித் துணை நடுவர் டேரன் இங்கிலாந்து படத்தைப் பார்த்து, டியாஸ் சரியான நிலையில் இருந்ததைச் சரியாகவே கண்டறிந்தார். ஆனால் களத்தில் கோல் கொடுக்கப்பட்டதாக அவர் எண்ணியிருந்தார். எனவே 'சோதனை முடிந்தது' என்றார். முதல் தீர்ப்பு நிற்கிறது என்பதே அச்சொல்லின் பொருள் என்பதால் களநடுவர் சைமன் ஹூப்பர் ஆஃப்சைடுக்குரிய ஃப்ரீ கிக்கை எடுக்கவிட்டார்.

சில நாள் கழித்து வெளியிடப்பட்ட ஒலிப்பதிவில் அடுத்து நடந்தது கேட்கிறது. களத்தில் கொடுத்தது ஆஃப்சைடு அல்லவா, இது உங்களுக்குச் சரிதானா என்று முதலில் கேட்டவர் மறுபதிவை இயக்கும் ஊழியர். தீர்ப்பில் பங்கில்லாத ஒருவர். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் யோசனையும் எழுந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதே விடை. மறுதொடக்கத்துக்குப் பிறகு ஆள்மாறாட்டம், வன்செயல் போன்ற சிலவற்றைத் தவிர எதையும் மறுஆய்வு செய்ய விதி இடந்தராது. ஆட்டம் 2-1 என டாட்டன்ஹாமுக்குப் போயிற்று. நடுவர் அமைப்பு அதைக் குறிப்பிடத்தக்க மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டது.

கண் தவறவில்லை, கேமரா தவறவில்லை, அளவீடும் தவறவில்லை. அந்த அறைக்கும் களத்துக்கும் இடையே போன சொல் ஒன்றே தவறியது. விடையாகக் கோல் என்றோ ஆஃப்சைடு என்றோ சொல்லியிருந்தால் தவறு நிகழ்ந்தே இருக்காது. முதல் தீர்ப்பைச் சார்ந்து மட்டுமே பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தியதால், அத்தீர்ப்பை ஒருவர் தவறாக நினைவில் வைத்ததும் முழு முறையும் கவிழ்ந்தது. மனிதத் தவறு என்ற விளக்கம் பாதி உண்மையே.

7. திருத்தம்

2024 ஜூனில் பிரீமியர் லீகில் இம்முறையை அறவே நீக்க வுல்வர்ஹாம்ப்டன் கொண்டுவந்த தீர்மானம் 19-க்கு 1 என்ற வாக்கில் தோற்றது. ஸ்வீடனின் முதல்நிலைக் கழகங்களோ உறுப்பினர்களின் எதிர்ப்பை ஏற்று அதைக் கொண்டுவரவே மறுத்தன. இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. வைத்துக்கொள்ள முடிவுசெய்தவர்கள் செய்ய வேண்டியவை எனச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

நிகழ்வுத் தீர்ப்புகளில் முதல் தீர்ப்புக்கு எந்த எடையும் வேண்டாம். திரை அறை 'கோல்', 'ஆஃப்சைடு' என்று முடிவையே சொல்லட்டும், களநடுவர் அதைத் திருப்பிச் சொன்ன பின்னரே ஆட்டம் தொடங்கட்டும். மதிப்பீட்டுத் தீர்ப்புகளில் எடை இருக்கலாம். ஆனால் முதல் தீர்ப்பு எதுவாக இருந்தது, ஏன் விடப்பட்டது என்பதை அரங்கம் அறிய வேண்டும். 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் முடிவை ஒலிபெருக்கியில் அறிவித்தது நல்ல தொடக்கம். தலையீடு இல்லாதபோதும் அதே அறிவிப்பு வர வேண்டும். பெரும்பாலான சச்சரவு எழுவது அங்கேதான்.