மோட்டரின் வேகத்தை ஆளும் கலை

1889 ஆம் ஆண்டிலே, பெர்லின் நகரத்து ஏ.இ.ஜி. நிறுவனத்தில் பணியாற்றிய டொலிவோ-டொப்ரொவோல்ஸ்கி என்னும் பொறியியலாளர் மூவவத்தைத் தூண்டல் மோட்டரை உருவாக்கினார். அதன் சுழலி கிளிக்கூடு போன்ற அமைப்புடையது. தேய்ந்தொழியும் தூரிகைகள் அதற்கில்லை. தூசியும் ஈரமும் மலிந்த ஆலைகளிலும் அது சலியாது உழைத்தது. ஆயினும் அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. வேண்டியவாறு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் இயலவில்லை.

மோட்டரினுள் சுழலும் காந்தப் புலத்தின் வேகம் ஆடலோட்டத்தின் மீடிறனைப் பொறுத்தது. மீடிறன் செக்கனுக்கு 50 ஆயின், நான்கு முனைவுகளையுடைய மோட்டரிலே புலம் நிமிடத்திற்கு 1500 முறை சுழலும். சுழலி சற்றே பின்தங்கி அதனைத் தொடரும். மின்னிலையம் அனுப்பும் மீடிறனை ஆலைக்காரர் எவ்வாறு மாற்றுவது?

ஆதலின் வேகமாற்றம் வேண்டிய இடங்களில் நேரோட்ட மோட்டரே ஆட்சி செய்தது. 1891 இல் அமெரிக்கரான உவாட் லெனாட் வகுத்த முறையிலே, ஒரு பொறி மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அம்மின் நேரோட்ட மோட்டரை இயக்கிற்று. ஒரு வேலைக்கு மூன்று பொறிகள்! செலவு மிக்கதெனினும், உயர்த்திகளும் சுரங்கப் பாரந்தூக்கிகளும் நெடுங்காலம் இதனையே நம்பியிருந்தன.

1957 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் தைரிஸ்டர் என்னும் குறைகடத்தி ஆளியை ஆக்கியபின் வழி திறந்தது. 1968 இல் டென்மார்க்கின் டான்பொஸ் நிறுவனம் மீடிறன் மாற்றியைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. இத்தகைய கருவி ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிக் கொள்ளளவிகளில் தேக்கி, பின்னர் வேண்டிய மீடிறனில் மீண்டும் ஆடலோட்டமாக்குகின்றது. இப்பிற்பகுதியே இன்வேட்டர் எனப்படும்.

மீடிறனை மட்டும் குறைத்தால் மோட்டரின் இரும்பகம் காந்தத்தால் நிறைவுற்று, ஓட்டம் பெருகி, சுருள்கள் கருகும். 400 வோல்ற்றிற்கு 50 எனின், 25 இற்கு ஏறக்குறைய 200 வோல்ற்றே கொடுத்தல் வேண்டும். அதனாலேயே கருவியைப் பொருத்துவோர் முதற்கண் மோட்டரின் தகட்டிலுள்ள அளவுகளைப் பதிக்கின்றனர். அவ்வாறு செய்தும் சில மோட்டர்கள் சூடேறும். மெதுவாகச் சுழலும் மோட்டரின் தண்டிலுள்ள விசிறியும் மெதுவாகவே சுழல்கின்றது என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

வேறொரு கோளாறு கருவியின்மீது வீண்பழி சுமத்துவது. பாரமான சில்லொன்றைச் சடுதியில் நிறுத்த முயன்றால், மோட்டரே மின்பிறப்பாக்கியாகி, திரும்பிவரும் சக்தியால் கொள்ளளவிகளின் வோல்ற்றளவு ஏறும். கருவி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். பழுதென்று அதனைக் கழற்றுவது வீண்வேலை. நிறுத்தும் நேரத்தைக் கூட்டினாற் போதும். அன்றேல் அச்சக்தியை வெப்பமாக்கும் தடையொன்றைச் சேர்த்தல் வேண்டும்.

பழைய தூண்டல் மோட்டரைப் பேணிய மின்வினைஞர் மின்னைத் துண்டித்ததும் அச்சமின்றிக் கைவைத்தனர். இன்வேட்டரில் அப்பழக்கம் உயிரைப் பறிக்கும். 400 வோல்ற்று மின்னை நேராக்கினால் கொள்ளளவியில் ஏறக்குறைய 565 வோல்ற்று தேங்கும். மின்னைத் துண்டித்தபின்னும் அது சில நிமிடங்கள் நிலைத்திருக்கும். கருவியின்மேற் குறித்த நேரம் காத்திருந்து, மானியால் அளந்தறிந்த பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும்.