முதலில் விழுந்ததா, முதலில் எரிந்ததா?

ஆர்னோல்ட் கெந்தே எடுத்த அந்தப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1906 ஏப்ரல் 18, சான்பிரான்சிஸ்கோ, சாக்ரமென்ரோ வீதி. அதிகாலை 5:12க்கு நிலம் ஆடி ஓய்ந்துவிட்டது. ஒரு வீட்டின் முன்சுவர் வீதியில் கொட்டுண்டு கிடக்கிறது. பள்ளத்தில் புகை மலைபோல் எழுகிறது. சனங்கள் நின்று பார்க்கிறார்கள். சிலர் வீட்டுக் கதிரைகளை வெளியே போட்டு, இருந்து பார்க்கிறார்கள். கெந்தேயின் சொந்தக் கமெராக்கள் பழுதாகிவிட்டதால், தெரிந்த கடைக்காரரிடம் இரவல் வாங்கி எடுத்த படம் அது.

நெடுநாள் அதை ஓர் அவலத்தின் படமாகத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டு நிலவறைக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் அதில் வேறொன்று தெரிந்தது. முன்சுவர் இழந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்து வீடுகள் நிற்கின்றன. தீ இன்னும் வரவில்லை. காப்புறுதிக்காரருக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

அன்று வீட்டுக்காரர் கையில் இருந்தது தீக்காப்புறுதி. நிலநடுக்கத்துக்கு அது பொறுப்பில்லை. அத்தோடு, தீயினால் அல்லாமல் வேறெதனாலும் கட்டடமோ அதன் பகுதியோ விழுந்தால் அந்தக் கணமே காப்புறுதி முடிந்துவிடும் என்ற வாசகம் பல பத்திரங்களில் இருந்தது. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். சாம்பல் மேட்டில் நின்றுகொண்டு, விழுந்த வீடு எரிந்ததா, எரிந்த வீடு விழுந்ததா என்று எப்படிச் சொல்வது? சாம்பலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதை விளங்கிக்கொண்டவர்கள் அன்றே இருந்தார்கள். நிலநடுக்கத்துக்குக் காசு வராது, தீ பிடித்தால்தான் வரும் என்று சனங்கள் தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைப்பதாக ஒரு தீயணைப்பு வீரர் சொன்னதை இராணுவ அதிகாரி ஒருவர் பதிவு செய்திருக்கிறார். அவர்களைக் கள்ளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீடும் அதனால் எரிந்திருக்கும் என்பதையும் மறக்க முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால், தீயை மறிக்க வீடுகளை டைனமைற் வைத்துத் தகர்த்தார்கள். அதிகாரிகளின் கட்டளையால் வந்த அழிவுக்கும் பொறுப்பில்லை என்ற வாசகமும் பத்திரங்களில் இருந்தது!

ஆனால் பத்திரம் எங்கே? வீட்டுக்காரரின் பிரதி வீட்டோடு போனது. உள்ளூர் நிறுவனமான பயர்மன்ஸ் பண்டின் பதிவேடுகளும் எரிந்தன. அது நட்டஈட்டில் ஒரு பகுதியைப் பணமாகவும் மறுபகுதியைத் தன் பங்குகளாகவும் கொடுத்தே தப்பியது. நகரத்தின் காணிப் பதிவுகளும் அழிந்தன. நீதிமன்றத்தில் உரிமையை மீள நிலைநாட்ட அதே ஆண்டு மெக்கெனர்னி சட்டம் என்ற தனிச்சட்டம் தேவைப்பட்டது. காணி உறுதி இல்லாமல் ஊருக்குத் திரும்பிப்போய்க் கச்சேரிப் படியேறிய எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிறகு தொடங்கியது பேரம். நிறுவனங்கள் பல கூடி, நிலநடுக்கத்தின் பங்கென்று எல்லாக் கோரிக்கையிலும் கால்வாசியைக் கழிக்க முனைந்தன. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஒரு டொலருக்கு எட்டு 'பிட்'. ஆறு பிட் என்றால் 75 சதம். ஊர் அவற்றுக்கு 'ஆறு பிட் கம்பெனிகள்' என்று பெயர் வைத்தது. வழக்குப் போட்டால் வென்றிருக்கலாம். விலக்கு வாசகத்தை நீட்டுகிற நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது காப்புறுதிச் சட்டத்தின் பொது விதி. ஆனால் கூடாரத்தில் பிள்ளைகளோடு இருப்பவர் தீர்ப்பு வரும்வரை எதைச் சாப்பிடுவது? காத்திருக்க வசதியுள்ளவருக்கு ஒரு நியாயம், இல்லாதவருக்கு ஆறு பிட்.

எல்லோரும் அப்படி நடக்கவில்லை. லண்டன் லொயிட்ஸின் கத்பேர்ட் ஹீத், பத்திர வாசகம் எதுவானாலும் முழுத் தொகையையும் கொடுத்துவிடும்படி தன் முகவருக்குத் தந்தி அடித்தார் என்பார்கள். அமெரிக்காவில் லொயிட்ஸின் பெயர் அதனால்தான் நிலைத்தது. அறத்தோடு வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும், இருக்கட்டும். மறுபுறம், ஐரோப்பிய நிறுவனங்கள் சில நிலநடுக்க விலக்கைக் காட்டிக் கையை விரித்துவிட்டுக் கலிபோர்னியாவை விட்டே போயின.

வீட்டுக்காரருக்கு உண்மையில் உதவியது வேறொன்று என்று நினைக்கிறேன். நகர வர்த்தகச் சபை, அல்பேர்ட் விற்னி என்ற பல்கலைக்கழகப் பேராசிரியரைக் கொண்டு, எந்த நிறுவனம் எப்படிக் கொடுத்தது, எது இழுத்தடித்தது என்று பெயர் பெயராக ஆராய்ந்து அந்த ஆண்டே அறிக்கை வெளியிட்டது. தனித்தனியாகப் பேரம் பேசியவர்களுக்கு மற்றவருக்கு என்ன கிடைத்தது என்று முதன்முதலாகத் தெரிந்தது. 1909இல் கலிபோர்னியா தீக்காப்புறுதிப் பத்திரத்துக்குச் சட்டபூர்வமான பொது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது.

எங்கள் கதை சின்னது. 2013 யூலை 8 மாலை, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. மிசிசாகாவில் எங்கள் நிலவறையில் முழங்காலளவு தண்ணீர். கழிவுநீர்க் குழாய் திரும்பி அடித்தால் எங்கள் பத்திரம் பொறுப்பேற்கும். வெளியே ஓடும் வெள்ளம் உள்ளே வந்தால் ஏற்காது. அந்த நாளில் வெள்ளத்துக்கான வீட்டுக் காப்புறுதி கனடாவில் கிடைப்பதே அரிது. மதிப்பீட்டாளர் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் முதலில் எதால் வந்தது?" என்று கேட்டார்.

எங்களுக்கும் முதலில் வந்தது ஆறு பிட் கணக்குத்தான். தொகையில் பிணக்கு வந்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, அவர்கள் ஒரு நடுவரைத் தெரிவு செய்யலாம் என்று ஒன்ராறியோ காப்புறுதிச் சட்டத்தின் 128ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதினோம். கூடவே ஒரு படமும் அனுப்பினோம். நான் வாளியோடு இறங்குவதற்கு முன் மனைவி கைபேசியில் எடுத்தது: யன்னல் விளிம்பு காய்ந்திருக்கிறது, தரைக் குழாய் வாயில் கறுப்புத் தண்ணீர் குமிழி விடுகிறது, மூலையில் நேரம் 6:41.

மூன்று கிழமையில் திருத்திய கணக்கு வந்தது.