படுக்கையருகே பிறந்த கல்வி

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குக் கிழக்கே அமைந்துள்ள மர்பி டவுன், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். 1809ஆம் ஆண்டில் இங்கே படைத்தளம் ஏற்பட்டதைத் தொடர்ந்து வடஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் வந்து குடியேறினர். இத்தகைய குடும்பங்களில் ஒரு பெண் நர்ஸ் பயிற்சிக்குச் சென்றால், அவளுக்கு ஒரு மருத்துவமனையில் வேலை கிடைக்கும் என்று பெற்றோர் மகிழ்கின்றனர். அவளே பின்னாளில் பேராசிரியை ஆகலாம், ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் பெறலாம் என்றால் வியப்படைவோர் உளர். நோயாளியைப் பேணுவதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வினவுவோரும் உளர். அவ்வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அல்சூர் ஏரியே விடை கூறும்.

இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரின் உடல்நலத்தை ஆராய 1859இல் ஓர் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் பணியில் பெரும்பங்கு கொண்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் இந்நாட்டுக்கு ஒருமுறையேனும் வந்தவரல்லர். எனினும், படைத்தளங்கள் தோறும் வினாப்பட்டியல்களை அனுப்பச் செய்து, வந்த விடைகளை வரிசைப்படுத்தி ஆராய்ந்தார். பெங்களூரில் குடிநீருக்குப் பயன்பட்ட அல்சூர் ஏரியிலேயே கடைவீதியின் கழிவுநீரும் வந்து கலப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆணைக்குழுவின் அறிக்கை 1863இல் வெளிவந்தது. படையினரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துவந்த நிலை மாறி, அது 18 ஆகக் குறைந்துவிட்டதென 1873இல் அவர் அறிவித்தார்.

இந்த ஆராய்ச்சிக்கு வித்திட்டது எது? 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனையில் அவர் ஆற்றிய தொண்டேயாகும். காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே மிகுதி என்பதை அங்கே நேரிற் கண்டார். பின்னர் அதனைக் கணக்கிட்டு நிறுவினார். 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளியையும் ஏற்படுத்தினார். பேணுதல், ஆராய்தல், கற்பித்தல் ஆகிய மூன்றும் ஒருவர் வாழ்விலேயே இணைந்த வரலாறு இது.

ஆயினும், இத்துறைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பயின்ற அடிலெய்டு நட்டிங் அம்மையார் 1907இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் பொறுப்பேற்று, உலகின் முதல் செவிலியப் பேராசிரியை ஆனார்.

நம் நாட்டில் 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அப்பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. அதே ஆண்டில் தில்லியிலும் ஒரு கல்லூரி தோன்றியது. செவிலியத்தில் இந்தியாவின் முதற் பட்டப்படிப்புகள் இவையே. நம் முன்னோர் விட்டுவந்த வடஆற்காட்டு மண்ணில்தான் அவற்றுள் ஒன்று தோன்றியது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

வேலூர்க் கல்லூரிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அங்கே ஆசிரியைகள் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. நோயாளியைப் பேணும் பொறுப்பையும் ஏற்கின்றனர். பல கல்லூரிகளில் ஆசிரியை வேறு, வார்டில் பணிபுரியும் செவிலி வேறு. மாணவி ஏட்டில் ஒன்றைப் படித்து, வார்டில் வேறொன்றைக் காணும் நிலை அதனால் நேர்கிறது. அக்கல்லூரியின் பேராசிரியையாக விளங்கிய கஸ்தூரி சுந்தர் ராவ், சமுதாய நலச் செவிலியம் பற்றி இந்தியச் சூழலுக்கேற்ற பாடநூலை ஆங்கிலத்தில் எழுதினார்.

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாய் இருக்கும் முதியவருக்கு முதுகிலே புண் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். செவிலி அதனைக் கழுவி மருந்திடுகிறாள், இது பேணுதல். யார் யாருக்குப் புண் வருகிறது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் வராதிருக்கிறது என்று குறித்து ஒப்பிடுகிறாள், இது ஆராய்ச்சி. கண்ட உண்மையை மாணவியர்க்கும், முதியவரின் மனைவி மக்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறாள், இது கற்பித்தல். முதலாவது இல்லையேல் மற்ற இரண்டும் பிறப்பதில்லை.

இன்று இக்கல்வியின் உச்சிக்குச் செல்லும் வழி பெங்களூரிலேயே உண்டு. 1954இல் இங்கு நிறுவப்பெற்ற அகில இந்திய மனநலக் கழகம், அடுத்த சில ஆண்டுகளிலேயே மனநலச் செவிலியர்க்குத் தனிப்பயிற்சி அளிக்கலாயிற்று. அதுவே 1974இல் மனநல மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் நிறுவனமாயிற்று. செவிலியத்தில் டாக்டர் பட்ட ஆய்வும் அங்கே நடைபெறுகிறது.

எனவே, மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பும் மர்பி டவுன் பெற்றோர், அவளுடைய படிப்பு அத்துடன் முடிந்துவிடுவதாக எண்ண வேண்டுவதில்லை. அவள் பேராசிரியை ஆகும் நாளிலும் நோயாளியின் படுக்கையருகே சென்று நிற்பாளாயின், அவளிடம் பயிலும் மாணவியரும் அங்கேயே நின்று கற்பர்.