ஒருதுருவ, பல்துருவ உலக ஒழுங்கும் ஊவாத் தோட்டப்பகுதியும்

சர்வதேச உறவுகளில் ‘துருவம்’ என்பது படைபலம், பொருள்வளம், நாணயச் செல்வாக்கு ஆகியவற்றால் பிற நாடுகளின் முடிவுகளைத் தன் பக்கம் திருப்ப வல்ல அரசைக் குறிக்கும். அத்தகைய வல்லரசு ஒன்றே மேலோங்கி நிற்பது ஒருதுருவ ஒழுங்கு எனவும், இரண்டு எதிரெதிரே நிற்பது இருதுருவ ஒழுங்கு எனவும், மூன்றோ அதற்கு மேலோ நின்று ஒன்றையொன்று சமன்செய்வது பல்துருவ ஒழுங்கு எனவும் வழங்கும். இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தில் மடுல்சீமை, பசறை, லுணுகலை, அப்புத்தளை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்கள் வெளிநாட்டுச் சந்தைக்காகவே உருவானவை ஆதலால், இவ்வொழுங்குகள் மாறியபோதெல்லாம் அத்தோட்டங்களின் உடைமையும் சந்தையும், அங்கு உழைக்கும் மலையகத் தமிழரின் குடியுரிமையும் மாறிவந்துள்ளன.

பிரித்தானிய மேலாதிக்கம்

நெப்போலியனின் தோல்விக்குப் பின் 1815இல் ஐரோப்பாவில் பல வல்லரசுகள் சமநிலை பேணிய ஒழுங்கு அமைந்தது; இந்து சமுத்திரத்திலோ பிரித்தானியக் கடற்படைக்கு நிகர் எவரும் இருக்கவில்லை. ஒரே காலத்து உலகம் ஐரோப்பாவுக்குப் பல்துருவமாகவும் ஆசியக் கரைகளுக்கு ஒருதுருவமாகவும் இருந்தது என்பது இதனால் புலப்படும். அதே ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானதும், 1817–1818இல் எழுந்த ஊவா-வெல்லசக் கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டதும் மலைநாட்டைப் பெருந்தோட்டத்துக்குத் திறந்துவிட்டன. தமிழகத்திலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் விரிந்தன. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் பரவிக் கோப்பியை அழித்தபின், அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். முதலும் கப்பலும் ஏலச்சந்தையும் இலண்டனைச் சார்ந்திருந்ததோடு, தொழிலாளர் கடல் கடந்து வந்ததும் ஒரே பேரரசின் ஆட்சிப்பரப்புக்குள் நிகழ்ந்த இடப்பெயர்வாகவே கருதப்பட்டது.

இருதுருவக் காலமும் அணிசேராமையும்

பேரரசு கலைந்தபோது அந்த இடப்பெயர்வு எல்லை கடந்த குடியேற்றமாக மறுவிளக்கம் பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் அவர்கள் வாக்குரிமையும் இழந்தனர். ஐக்கிய அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உலகை இரு முகாம்களாக்கிய அக்காலத்தில், சிறிய நாடான இலங்கை இரண்டுக்கும் இடையே தனக்கென வழி தேடியது. கொரியப் போரை ஒட்டிச் சீனாவுக்கு எதிரான வணிகத்தடை நடைமுறையில் இருந்தபோதே, 1952இல் அந்நாட்டுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. 1957இல் திருகோணமலையும் கட்டுநாயக்காவும் பிரித்தானியத் தளங்களாக இருந்த நிலை முடிவுற்றது. எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்கள் அரசுடைமையாக்கப்பட்டதை அடுத்து 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. எந்த முகாமிலும் சேராமல் தீர்மானம் எடுக்கும் உரிமையைக் காக்க முனைந்த அணிசேரா இயக்கத்தின் ஐந்தாவது உச்சி மாநாடு 1976இல் கொழும்பில் நடைபெற்றது.

இந்த இராசதந்திர வெற்றிகளின் மறுபக்கத்தைத் தோட்டங்கள் கண்டன. 1962ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின் அயல்நாடுகளின் நல்லுறவை இந்தியா பெரிதும் நாடிய சூழலில், 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவரான ஏறத்தாழ 975,000 தோட்டத் தமிழருள் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்பது என்று இரு அரசுகளும் முடிவுசெய்தன. எந்த மக்களைப் பங்கிட்டார்களோ அந்த மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிப் பிரித்தானியக் கம்பனிகளின் உடைமையை முடிவுக்குக் கொண்டுவந்தபோதும் தொழிலாளர் குடியிருந்த லயன் அறைகள் அப்படியே நீடித்தன.

ஒருதுருவக் காலம்

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்து, அமெரிக்கா நிகரற்ற வல்லரசாக எஞ்சியது. அமெரிக்க எழுத்தாளர் சார்ள்ஸ் குரோதமர் 1990இலேயே இதனை ‘ஒருதுருவத் தருணம்’ என்று குறித்திருந்தார். சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் பரிந்துரைத்த தனியார்மயம் மாற்றுவழியற்ற கொள்கையாகப் பரவிய அவ்வேளையில், 1992இல் அரசுத் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று மடுல்சீமையின் பெயரையே தாங்கியது. நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் நோக்குடன் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கியது. தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டமும், வாக்குரிமை மீண்டபின் மலையகத் தமிழர் பெற்ற பாராளுமன்றப் பலமுமே இதற்கு வழிவகுத்தன.

பல்துருவத்தை நோக்கி

ரஷ்யாவும் சீனாவும் 1997இல் பல்துருவ உலகை வலியுறுத்திக் கூட்டறிக்கை வெளியிட்டன; 2009இல் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகியவற்றின் முதல் உச்சி மாநாடு நடைபெற்றது. ஊவாவில் இம்மாற்றத்தின் தெளிவான சான்று, ஈரானிய நிறுவனம் நிருமாணித்த உமா ஓயாப் பல்நோக்குத் திட்டமாகும். மேற்குலகு ஒதுக்கிய நாட்டிடமிருந்தும் சிறிய அரசு தொழில்நுட்பம் பெறமுடிந்தது பல்துருவத்தின் அடையாளம். ஈரான்மீதான பொருளாதாரத் தடைகளால் அந்நாட்டு வங்கிக் கடன் தடைப்பட்டு, செலவின் பெரும்பகுதியை இலங்கையே ஏற்க நேர்ந்தது ஒருதுருவத்தின் எச்சம். திட்டத்தின் சுரங்கப்பாதையில் நீர் கசிந்ததால் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி வீடுகளில் வெடிப்புகள் விழுந்தன. 120 மெகாவாற்று மின்னுற்பத்தித் திறனுள்ள இத்திட்டத்தை 2024 ஏப்ரல் 24இல் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி திறந்துவைத்தார். டொலர் வழிக் கொடுப்பனவு தடைப்பட்ட நிலையில், ஈரானுக்குச் செலுத்தவேண்டிய ஏறத்தாழ 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் தீர்க்க 2021இல் இணக்கம் காணப்பட்டது.

இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை நிறுத்தியபோது கடன் மறுசீரமைப்புப் பல முனைகளில் நடைபெற்றது: இந்தியா, ஜப்பான், பிரான்சு தலைமையேற்ற குழு ஒரு புறமும், சீன வங்கி மறுபுறமும் பேச்சு நடத்த, நிபந்தனைகளைச் சர்வதேச நாணய நிதியமே வகுத்தது.

மதிப்பீடு

1979இல் தம் கோட்பாட்டு நூலை வெளியிட்ட கெனத் வோல்ற்ஸ் இருதுருவமே உறுதிமிக்கது என வாதிட்டார். பல்துருவத்தை ஆதரிப்போர் அது சிறிய நாடுகளுக்குத் தெரிவுகளை விரிக்கும் என்பர். ஊவாவின் வரலாறு பின்னைய கருத்துக்குச் சான்று தருவதோடு அதன் எல்லையையும் காட்டுகிறது. துருவங்கள் பெருகும்போது கொழும்பின் பேரம்பேசும் வலிமை கூடுகிறது. அந்த வலிமையின் பயன் மலைச்சரிவுகளை எட்டுவது, அங்கு வாழ்வோருக்கு வாக்கும் காணியும் நியாயமான கூலியும் உள்ள அளவைப் பொறுத்தது. ஆதலால் உலக ஒழுங்கை மதிப்பிடுவோர் வல்லரசுகளின் எண்ணிக்கையோடு, அவற்றின் உடன்படிக்கைகளுக்கு ஆட்படும் மக்களின் குரலையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.